தந்திக் கம்பி முதல் தொலைக்காட்சிப் பெட்டி வரை: திக்கித் திக்கி வரும் படத்தின் வரலாறு



இரவு உணவு முடிந்து குடும்பத்தோடு அமர்ந்து, தொலைக்காட்சியோடு இணைத்த சிறு பெட்டியின் வழியாக இணையத்தில் ஒரு தமிழ்ப்படம் பார்க்கத் தொடங்குகிறோம். கதாநாயகன் வாயைத் திறக்கிறான், சொல் வெளிவரவில்லை. திரையின் நடுவே ஒரு வட்டம் சுழல்கிறது. மீண்டும் ஓடுகிறது, மீண்டும் நிற்கிறது. "லைன் சரியில்லை" என்று சொல்லிவிட்டு நாம் எழுந்து தேநீர் கலக்கப் போய்விடுகிறோம்.

இந்த "லைன் சரியில்லை" என்னும் தீர்ப்பு எவ்வளவு அவசரமானது என்பதை நானே ஒரு பிழை செய்த பிறகுதான் உணர்ந்தேன். அந்தப் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாட்டில் 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்ததையும், பள்ளிகள் மூடப்பட்டதையும், அடுத்த ஆண்டும் இல்லிருப்புக் கற்றல் தொடர்ந்ததையும் நாம் மறக்கவில்லை. அக்காலத்தில் நான் பாடங்களைக் காணொலியாகப் பதிந்து மாணவர்களுக்கு அனுப்பி வந்தேன். ஒரு நாள் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாயார் அழைத்தார். "டீச்சர், உங்க பாடம் எங்க டிவியில விட்டு விட்டுத்தான் வருது. புள்ள பாதியிலேயே எழுந்து போயிடுறான்" என்றார். நான் சற்றும் சிந்திக்காமல், "வேகம் பத்தாதும்மா, பெரிய திட்டத்துக்கு மாறிடுங்க" என்று சொல்லிவிட்டேன். ஆசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, கணவருக்குப் பாதி நாள்தான் வேலை இருந்த அந்நேரத்திலும், மாதத்திற்கு 40 ரிங்கிட் கூடுதலாகக் கட்டும் ஈராண்டு ஒப்பந்தத்தில் அவர் கையொப்பமிட்டார். காணொலி முன்போலவே விட்டு விட்டுத்தான் வந்தது.

குறை வேறோரிடத்தில் இருந்தது. அது எங்கே என்பதைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன். அதற்குமுன், இதே பிழையை 160 ஆண்டுகளுக்கு முன்பே மிகப் பெரிய அளவில் செய்தவர்கள் இருந்தார்கள் என்பதையும், அதைத் திருத்திய அறிவு நம் பினாங்குத் தீவின் கரையையும் தொட்டது என்பதையும் காண்போம்.

சென்னையிலிருந்து ஒரு கம்பி

பினாங்குத் தமிழர்களுக்கும் தமிழகத்திற்கும் இடையே நெடுங்காலம் கப்பல் ஒன்றே தொடர்பாக இருந்தது. தாய் இறந்த செய்தியும், தங்கைக்குத் திருமணம் நிச்சயித்த செய்தியும் கப்பலில்தான் வந்தன. கடிதம் கைக்கு வரும்போது காரியம் முடிந்திருக்கும்.

இந்நிலையை மாற்றியது 1870-71ஆம் ஆண்டுகளில் கடலடியில் இடப்பட்ட தந்திக் கம்பி. பிரிட்டிஷ் இந்தியன் எக்ஸ்டென்ஷன் தந்தி நிறுவனம் சென்னையிலிருந்து பினாங்குக்கும், பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கும் கம்பி இட்டது. சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே நேர்க்கோட்டில் அளந்தாலே 2,300 கிலோமீட்டருக்கு மேல். கடாரம் நோக்கி இராசேந்திர சோழனின் கலங்கள் சென்ற அதே வங்கக் கடலின் அடியில், விரல் பருமனுள்ள ஒரு கம்பி படுத்துக் கிடந்தது. அதற்கு முந்திய 1870ஆம் ஆண்டில்தான் சூயசிலிருந்து ஏடன் வழியாகப் பம்பாய்க்குக் கடல்தந்தி வந்திருந்தது. ஆகவே பம்பாய், சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் என்ற சங்கிலியால் நம் தீவு இலண்டன் வரைக்கும் இணைந்துவிட்டது. 1873இல் இவ்வட்டாரத்துத் தந்தி நிறுவனங்கள் பல ஒன்றிணைந்து ஈஸ்டர்ன் எக்ஸ்டென்ஷன் என்ற பெயரில் இயங்கத் தொடங்கின.

இக்கம்பிக்கு நம் மண்ணும் ஒரு பொருளைக் கொடுத்தது. செப்புக் கம்பியைக் கடல்நீரில் அப்படியே போட்டால் மின்சாரம் நீரில் கசிந்துவிடும். அதன்மேல் ஓர் உறை வேண்டும். அந்த உறையாக அமைந்தது மலாய்த் தீபகற்பக் காடுகளிலும் அண்டைத் தீவுகளிலும் வளர்ந்த மரத்தின் பால். மலாய் மொழியில் 'கெத்தா பெர்ச்சா' எனப்படும் இப்பிசின், வெந்நீரில் இளகும், குளிர்ந்தால் இறுகும், கடலுக்கடியில் பல்லாண்டு கெடாது. சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி 1840களில் இதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். மைக்கேல் பாரடே 1848இல் இதன் மின்காப்புத் தன்மையை எடுத்துரைத்தார். இரப்பர் மரத்தைப்போல் இதைச் சீவிப் பால் எடுக்கும் வழக்கம் அன்று இல்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்தனர். உலகக் கடல்களின் அடியில் செய்தி ஓடியதற்காக நம் காடுகள் எத்தனையோ மரங்களை இழந்தன என்பது மாணவர்களுக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

வேகத்தைக் கூட்டிக் கெடுத்தவர்

இனி, நம் தலைப்புக்கு வருவோம். செய்தி திக்கித் திக்கி வருவது இணையத்தோடு பிறந்த நோயன்று. நீண்ட கடல்கம்பியோடு பிறந்த நோய் அது.

கம்பியின் ஒரு முனையில் மின்துடிப்பைச் சட்டென்று கொடுத்தாலும், மறுமுனையில் அது சட்டென்று எழுவதில்லை; மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது. ஒரு துடிப்பின் வால் அடங்குமுன் அடுத்த துடிப்பின் தலை வந்துவிட்டால் இரண்டும் கலந்து, எழுத்து புரியாமற் போகிறது. கிளாஸ்கோப் பேராசிரியர் வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு என அறியப்பட்டவர், இதை 1850களின் நடுவிலேயே கணக்கிட்டுக் காட்டினார். கம்பியின் நீளம் இரண்டு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும் என்பது அவர் கண்ட விதி. செப்புக் கம்பியைத் தடிமனாக்கி, உறையையும் தடிமனாக்க வேண்டும் என்பது அவர் சொன்ன மருந்து.

அட்லாண்டிக் கடல்கம்பியின் மின்பொறுப்பாளராக இருந்த வைல்ட்மேன் வைட்ஹவுஸ் இதை ஏற்கவில்லை. அவர் மருத்துவம் பயின்றவர். ஆயினும் நோயைக் கேட்காமல் மருந்தைக் கூட்டினார். 1858 ஆகஸ்டில் அக்கம்பி வேலை செய்யத் தொடங்கியது. விக்டோரியா அரசியார் அமெரிக்க அதிபருக்கு அனுப்பிய 98 சொற்கள் கொண்ட வாழ்த்து, போய்ச் சேர 16 மணி நேரம் பிடித்தது! செய்தி மெதுவாகப் போகிறதே என்று வைட்ஹவுஸ் ஏறத்தாழ 2,000 வோல்ட் மின்னழுத்தத்தைக் கம்பியில் செலுத்தினார். ஏற்கெனவே பழுதுற்றிருந்த உறை மேலும் கெட்டது. சில வாரங்களிலேயே கம்பி செத்தது.

தாம்சன் வேறு வழியில் சென்றார். வரும் துடிப்பு நலிந்ததாயின், அதைக் காணும் கண்ணைக் கூர்மையாக்க வேண்டும் என்று எண்ணினார். சிறு கண்ணாடித் துண்டொன்றைக் காந்தத்தோடு ஒட்டி நூலில் தொங்கவிட்டார். சிறிதளவு மின்சாரம் வந்தாலும் கண்ணாடி அசையும். அதில் பட்டுத் தெறிக்கும் ஒளிப்புள்ளி அளவுகோலில் இடமும் வலமும் நகரும். 1867இல் அவர் உருவாக்கிய மற்றொரு கருவி, மெல்லிய கண்ணாடிக் குழாயால் நகரும் காகித நாடாவில் மைக்கோடு வரைந்தது. 1866இல் இடப்பட்ட அட்லாண்டிக் கம்பி தடித்த செம்பும் தடித்த உறையும் கொண்டு வெற்றி பெற்றது. பினாங்குக்கு வந்த கம்பி, இத்தோல்வியும் இவ்வெற்றியும் கற்பித்த பாடத்திற்குப் பின் பிறந்தது.

குறை எங்கே இருக்கிறது?

கடலடிக் கம்பி அறுந்தால் என்ன செய்வார்கள்? ஈராயிரம் கிலோமீட்டரையும் இழுத்துப் பார்க்க இயலுமா? இயலாது. கரையில் இருந்தபடியே கம்பியின் மின்தடையை அளப்பார்கள். ஒரு மைல் கம்பிக்கு எவ்வளவு தடை என்பது முன்பே தெரியும். அளந்த தடையை அதனால் வகுத்தால், அறுந்த இடம் எத்தனை மைலில் உள்ளது என்பது தோராயமாகப் புலப்படும். மறுகரையிலிருந்தும் அளந்து இரண்டையும் ஒப்பிடுவார்கள். அதன்பிறகே பழுது பார்க்கும் கப்பல் புறப்படும்.

முதலில் இடத்தைக் கண்டுபிடி. பிறகு கப்பலை அனுப்பு. இதுவே தந்திக்காரர்களின் அறம். திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில், நோயையும் அதன் காரணத்தையும் தீர்க்கும் வழியையும் ஆராய்ந்த பிறகே வைத்தியம் செய்யவேண்டும் என்று வள்ளுவர் சொல்வதும் இதே நெறிதான் அன்றோ?

கம்பியின் அருமையைப் பகைவரும் அறிந்திருந்தனர். முதல் உலகப் போரில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு வீசியது. அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்து ருஷ்யக் கப்பலான செம்சுக்கை மூழ்கடித்தது. மாண்ட ருஷ்ய மாலுமிகளின் நினைவிடம் இன்றும் வெஸ்டர்ன் சாலைக் கல்லறையில் உள்ளது. தந்திரக்காரனை 'எம்டன்' என்று அழைக்கும் வழக்கம் தமிழில் நிலைத்ததும் இக்கப்பலால்தான். அந்த எம்டன் இறுதியாக எங்கே சென்றது தெரியுமா? கொக்கோஸ் தீவில் இருந்த கடல்தந்தி நிலையத்தை அழிக்கச் சென்றது. நவம்பர் 9 அன்று ஆட்கள் கரையிறங்குமுன்பே நிலையத்தார் அபாயச் செய்தியை அனுப்பிவிட்டனர். ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி விரைந்து வந்து எம்டனைச் சிதைத்தது. சென்னையையும் பினாங்கையும் கலக்கிய கப்பலின் கதை ஒரு தந்தி நிலையத்தின் வாசலில் முடிந்தது.

சினிமாவின் 24, தொலைக்காட்சியின் 25

திக்கலுக்கு இன்னொரு வேரும் உண்டு. அது கம்பியில் இல்லை, படத்திலேயே இருக்கிறது.

திரைப்படம் என்பது நொடிக்கு 24 நிழற்படங்கள். பேசும்படம் வந்த காலத்திலிருந்து இதுவே பொது வழக்கம். நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28 அன்று துங்கு அப்துல் ரஹ்மானால் தொடங்கி வைக்கப்பட்டது. 1978 டிசம்பரில் வண்ணமயமானது. நமது மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதற்கேற்ப நம் தொலைக்காட்சியும் நொடிக்கு 25 படங்கள் என்ற முறையைப் பின்பற்றியது. 24 படங்கள் கொண்ட சினிமாவை இதில் எப்படிக் காட்டுவது? சற்றே விரைவாக ஓட்டிவிடுவார்கள்! 150 நிமிடப் படம் 144 நிமிடங்களில் முடிந்துவிடும். பாடகர் குரல் ஒரு மாற்று உயர்ந்திருக்கும், நாம் கவனித்ததில்லை.

இன்றைய பெட்டிகள் பல, நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும்படி அமைந்து வருகின்றன. 60ஐ 25ஆல் வகுத்தால் மீதியின்றி வருமா? வராது. ஆகவே சில படங்கள் இருமுறையும் சில படங்கள் மும்முறையும் காட்டப்படுகின்றன. கேமரா மெல்ல நகரும் காட்சிகளில் படம் துள்ளித் துள்ளிச் செல்வதற்கு இதுவே காரணம். இங்கே வட்டம் சுழலாது, ஒலியும் நிற்காது. எவ்வளவு பெரிய இணையத் திட்டம் எடுத்தாலும் இத்துள்ளல் தீராது. பெட்டியின் அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றினாலோ, படத்தின் வேகத்திற்கேற்பத் திரையைத் தானே மாற்றும் வசதியை இயக்கினாலோ ஒரு காசு செலவின்றித் தீரும்.

வட்டிலிருந்து வலைக்கு

லெபோ பாசாரிலும் லெபோ குவீனிலும் பாடல் ஒலிக்கும் கடைகளில் வி.சி.டி. வாங்கிய நாட்கள் நினைவிருக்கிறதா? 1993இல் வகுக்கப்பட்ட அம்முறையில் ஒரு வட்டில் 74 நிமிடப் படமே அடங்கும். ஆகவே தமிழ்ப்படங்கள் இரண்டு, மூன்று வட்டுகளாக வந்தன. வட்டில் கீறல் விழுந்தால் படம் சதுரம் சதுரமாக உடையும். அப்போது நாம் "லைன் சரியில்லை" என்று சொல்லவில்லை. வட்டை எடுத்துத் துடைத்தோம். அடுத்த வீட்டுக் கருவியில் போட்டுப் பார்த்தோம். நம்மை அறியாமலே தந்திக்காரர்களின் நெறியைப் பின்பற்றினோம்.

2001இல் தொலைபேசிச் செப்புக் கம்பி வழியே ஸ்ட்ரீமிக்ஸ் அகன்ற அலைவரிசை வந்தது. தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு எவ்வளவு தூரமோ அவ்வளவு வேகம் குறையும். 2006 டிசம்பர் 26 அன்று, ஆழிப்பேரலை நிகழ்ந்த அதே தேதியில், தைவான் அருகே நிலநடுக்கம் ஏற்பட்டுக் கடலடிக் கம்பிகள் பல அறுந்தன. நம் நாட்டிலும் இணையம் நாட்கணக்கில் தவழ்ந்தது. கண்ணுக்குத் தெரியாத கடல்கம்பியை அன்றுதான் பலரும் நினைத்துப் பார்த்தனர். 2010 மார்ச்சில் யூனிஃபை வழியாக ஒளியிழை இணைப்பு வீடுகளுக்கு வரத் தொடங்கியது.

பினாங்குத் தீவோ தன் பழைய தொழிலை விடவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து மொரீசியசு, கொச்சி வழியாக வரும் சேஃப் கம்பி 2002இல் இங்கே கரையேறியது. ஓமானிலிருந்து மும்பை, கொழும்பு, சென்னை ஆகியவற்றைத் தொட்டுக் கிழக்கே வரும் வங்காள விரிகுடா நுழைவாயில் என்னும் கம்பியும் பினாங்கில்தான் முடிகிறது. 2016இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. 1871இல் சென்னையையும் பினாங்கையும் சேர்த்த கம்பிக்கு, 145 ஆண்டுகள் கழித்து ஒரு பேரன் பிறந்தான் எனலாம்!

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். நீங்கள் பார்க்கும் படம் ஒவ்வொரு முறையும் கடல் கடந்து வருவதில்லை. பலராலும் பார்க்கப்படும் படங்களின் படிகள் நம் நாட்டிலேயே இருக்கும் சேமிப்புக் கணினிகளில் வைக்கப்படுகின்றன. 2009க்குப் பிறகு பரவிய முறையின்படி, படம் சில நொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் இருக்கும். வழி நெருக்கடியானால் பெட்டி தானே குறைந்த தரத்துண்டைக் கேட்கும். அதனால்தான் படம் முதலில் மங்குகிறது. அதுவும் போதாதபோதே வட்டம் சுழல்கிறது.

நம் வீட்டில் செய்யும் சோதனை

தந்திக்காரரைப்போல் இரு கரையிலிருந்தும் அளப்போம்.

முதலில் நோயின் குறியைப் பாருங்கள். படம் மங்கி, நின்று, வட்டம் சுழன்றால் தரவு வந்து சேரவில்லை. வட்டம் இல்லாமல், ஒலி தொடர, படம் மட்டும் துள்ளினால் குறை பெட்டியிலோ திரை அமைப்பிலோ உள்ளது. ஒரு மணி நேரம் நன்றாக ஓடிய பின் துள்ளத் தொடங்கினால் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள், சூட்டினால் தளர்ந்திருக்கக்கூடும்.

தரவு வரவில்லையெனில் வழியைப் பாதியாகப் பிரியுங்கள். பெட்டியை மோடத்தோடு கம்பி வழியே இணைத்துப் பாருங்கள். அதற்கு வழியில்லையெனில் பெட்டியை மோடம் இருக்கும் அறைக்கே கொண்டு செல்லுங்கள். அங்கே நன்றாக ஓடினால் வெளிக் கம்பியில் குறையில்லை. வீட்டுக்குள் பரவும் வைஃபையில்தான் குறை. ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளின் தடித்த செங்கற்சுவர்கள் வைஃபையை விழுங்கிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும். ஆனால் அண்டை வீட்டார் அனைவரும் அதில்தான் நெரிசலாக இருப்பார்கள். நுண்ணலை அடுப்பும் அதே வட்டாரத்தில் இரைச்சல் எழுப்பும். 5 கிகாஹெர்ட்ஸ் விரைவானது. ஆனால் சுவருக்கு அஞ்சும்.

மோடத்தின் அருகிலும் திக்கினால், இரவு எட்டு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் ஒப்பிடுங்கள். காலையில் நன்றாகவும் இரவில் மோசமாகவும் இருந்தால் அது பொதுவழியின் நெரிசல். எந்நேரமும் மோசமென்றால் மட்டுமே நிறுவனத்தை அழையுங்கள். உயர்தெளிவுப் படத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் போதும். 4கே படத்துக்கு 15 முதல் 25 வரை வேண்டும். உங்கள் திட்டம் 100 மெகாபிட் என்றால், 300க்கு மாறுமுன் இருமுறை சிந்தியுங்கள்.

இறுதியாக

கட்டுப்பாடுகள் தளர்ந்த பின் அந்த மாணவனின் வீட்டுக்குச் சென்றேன். மோடம் முன்னறையில் ஓர் இரும்பு அலமாரியின் பின்னே இருந்தது. பிள்ளைகள் கை வைக்கக்கூடாது என்பதற்காக ஒளித்து வைத்திருந்தனர். தொலைக்காட்சி பின்னறையில், இரண்டு சுவர் தாண்டி. மோடத்தை எடுத்து அலமாரியின் மேலே வைத்தோம். அவ்வளவுதான். என் பழைய காணொலி ஒன்று தொடக்கம் முதல் முடிவு வரை நிற்காமல் ஓடியது. அம்மையார் மகிழ்ந்தார், "ரொம்ப நன்றி டீச்சர்" என்றார். ஒப்பந்தத்தில் இன்னும் பதினோரு மாதம் மீதமிருந்ததை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கத் துணியவில்லை. பையன் மட்டும், "இந்தப் பாடம் நான் பாதிதான் பாத்தேன்" என்றான்.

அன்றிரவு வைட்ஹவுசை நினைத்துக்கொண்டேன். அவருக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? குறை எங்கே என்று பாராமல் வேகத்தைக் கூட்டச் சொன்னோம். அவர் கெடுத்தது ஒரு நிறுவனத்தின் கம்பியை. நான் கெடுத்தது ஓர் ஏழைக் குடும்பத்தின் மாதக் கணக்கை.

ஆசிரியர்களே, இதை இணையத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. வாசிக்கும்போது திக்குகிற மாணவன் நம் வகுப்பில் இருக்கிறான். கூடுதல் பயிற்சித்தாள் கொடுக்குமுன், அவனுக்குக் கரும்பலகை தெரிகிறதா, காலையில் உண்டு வந்தானா, எந்த எழுத்தில் நிற்கிறான் என்று இரு கரையிலிருந்தும் ஒருமுறை அளந்து பார்ப்போம். கப்பலைப் பிறகு அனுப்பலாம்.

உங்கள் வீட்டுச் சோதனையின் முடிவை எனக்கு எழுதுங்கள். மீண்டும் சந்திப்போம்.